இல்லாத திகதியும் தெரியாத திகதியும்

எங்கள் தீவுப் பகுதிப் பெண்களிடம் ஒரு திகதியைக் கேட்டு எழுதுவது இலேசான காரியமல்ல. பிறந்த திகதி, கலியாணப் பதிவுத் திகதி, இடம்பெயர்ந்த திகதி, கணவரோ மகனோ காணாமற்போன திகதி என்று படிவங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பதில் சொல்லும் பெண்ணோ, "நயினை அம்மனுக்குக் கொடியேறி ரண்டாம் நாள்" என்பாள். "சின்னவனுக்கு அம்மாள் வருத்தம் வந்த கிழமை" என்பாள். அவளுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்ற மூன்று கட்டங்களுக்குள்தான் அது அடங்க மாட்டேன் என்கிறது. இன்று கணினி எல்லா இடத்துக்கும் வந்துவிட்டபடியால், அடக்கிக் கொடுக்கும் பொறுப்பு மாதர் சங்கங்களில் பதிவேடு பார்க்கும் எங்களைப் போன்ற பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வீதியில் ஒரு சிறிய அறையில் எங்கள் பதிவேட்டு வேலை நடக்கிறது. நெடுந்தீவுப் படகிலும் நயினாதீவுப் படகிலும் வந்திறங்கும் பெண்கள் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் எங்களிடம் வந்து போவார்கள். ஒரு கண் படிவத்திலும் மறு கண் நேரத்திலும் இருக்கும். பதிவேடு முதலில் கொப்பியில் இருந்தது. பிறகு எக்செல் அட்டவணைக்கு மாறியது. இப்போது திகதிகளைச் சரிபார்க்கப் பைதன் என்ற கணினி மொழியில் சிறு சிறு செய்நிரல்கள் எழுதிப் பயன்படுத்துகிறோம். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட மொழி அது. காசு கொடுக்கத் தேவையில்லை. ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். எங்கள் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிப்பதும் இதைத்தான். ஆகவே வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் தாய்க்கும் ஒரு வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

திகதியைச் சரிபார்ப்பது என்றால் என்ன? ஜூன் 31 என்று எழுதியிருந்தால் அப்படி ஒரு நாள் இல்லை. பெப்ரவரி 30 எந்த வருடத்திலும் இல்லை. பெப்ரவரி 29, 2000 இல் இருந்தது, 1900 இல் இருக்கவில்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டு. இவற்றையெல்லாம் நாங்கள் கணக்குப் போட்டு நிரலில் எழுத வேண்டியதில்லை. சில பிள்ளைகள் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு 'இஃப்' எழுதத் தொடங்குவார்கள். அது வீண் வேலை. பைதனோடு வரும் டேட்டைம் என்ற தொகுதிக்கு இந்தக் கணக்கு முழுவதும் தெரியும். அதில் ஸ்ட்ர்-பி-டைம் என்று ஒரு கட்டளை உண்டு. எழுத்தாக இருக்கும் திகதியையும், அது எந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கொடுத்தால், அது உண்மையான திகதியாக மாற்றித் தரும். அப்படி ஒரு நாளே இல்லையென்றால் 'வால்யூ எரர்' என்று சொல்லி நின்றுவிடும். ஆகையால் அந்தக் கட்டளையை 'ட்ரை' என்பதற்குள் வைத்து, நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை 'எக்செப்ட்' என்பதற்குள் எழுத வேண்டும். 'எக்செப்ட்' என்பதற்குப் பக்கத்தில் வால்யூ எரர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வெறுமனே விட்டால் வேறு காரணத்தால் வந்த பிழைகளையும் அது விழுங்கிவிடும். பிறகு எங்கே தேடுவது?

ஒழுங்கு என்று சொன்னேன். அங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. 1985 மே 15 ஆம் திகதியை எங்கள் தீவுகளில் மறந்தவர்கள் இல்லை. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் எங்கள் சனங்கள் வெட்டிக் கொல்லப்பட்ட நாள். அதை 15/05/1985 என்று எழுதினால் யாரும் மாற்றி வாசிக்க முடியாது, பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லையே. ஆனால் 05/06/1985 என்று எழுதினால்? எங்களுக்கு ஜூன் 5. அமெரிக்க ஒழுங்கில் அமைக்கப்பட்ட கணினிக்கு மே 6. அப்படியான கணினியில் எக்செல் அட்டவணையைத் திறந்து திகதிகளை அடித்தால், நாள் 12 க்கு மேற்பட்டவை அப்படியே எழுத்தாக நிற்கும், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகும். பட்டியலில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி பிழை, பார்த்தால் எல்லாம் திகதி போலத்தான் இருக்கும். பைதனும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஜூன் 5 உம் உண்டு, மே 6 உம் உண்டு. இதற்கு ஒரே வழி, ஆண்டை முதலில், மாதத்தை நடுவில், நாளைக் கடைசியில் எழுதும் பழக்கம். 1985-05-15. எங்கள் அடையாள அட்டையிலும் அந்த ஒழுங்குதான். வரிசைப்படுத்தவும் அதுவே வசதி.

இனி, பைதன் படிக்கத் தொடங்கும் பெண்கள் முதல் நாளிலேயே தடுக்கி விழும் விடயத்துக்கு வருகிறேன். அதுதான் உள்தள்ளல். மற்றப் பல மொழிகளில் எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை வளைவு அடைப்புக்குறி போட்டுக் காட்டுவார்கள்; வளவுக்கு வேலி அடைப்பது போல. பைதனில் வேலி கிடையாது. ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறதோ அதுவே எல்லை. குடும்ப அட்டையில் குடும்பத் தலைவியின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்களைச் சற்று உள்ளே தள்ளி எழுதினால், யார் யாருடைய பிள்ளை என்று பார்த்த உடனே தெரியும் அல்லவா? அதே முறை. எங்கள் நிரலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

ஒவ்வொரு பெண்ணின் பதிவுக்கும்:
    திகதியை வாசி
    திகதி பிழையானால்:
        பெயரைத் 'திரும்பக் கேட்க' என்ற பக்கத்தில் போடு
    பதிவைக் கோப்பில் எழுது
எத்தனை பதிவு என்று சொல்

இதில் 'பதிவைக் கோப்பில் எழுது' என்ற வரியைப் பாருங்கள். அதை இன்னும் நான்கு இடைவெளி உள்ளே தள்ளினால், திகதி பிழையான பெண்களின் பதிவு மட்டுமே கோப்புக்குப் போகும். நான்கு இடைவெளி வெளியே இழுத்தால், எல்லோரையும் வாசித்து முடித்த பின் கடைசிப் பெண்ணின் பதிவு மட்டும் போகும். இரண்டு முறையும் பைதன் ஒரு குறையும் சொல்லாது. உள்தள்ளல் ஒழுங்கீனமாக இருந்தால் அது 'இன்டென்டேஷன் எரர்' என்று கத்தும். ஒழுங்காக, ஆனால் இடம் மாறி இருந்தால் கத்தாது. எங்களிடம் பயில வந்த ஒரு பிள்ளையின் நிரல் இப்படித்தான் 43 பெண்களின் பதிவை வாசித்து, கடைசியில் '43' என்று திரையில் காட்டியது. கோப்பைத் திறந்தால் ஒரு பெயர். மூலப் பட்டியல் வேறாக இருந்தபடியால் நட்டமில்லை. பழைய கோப்பின் மேலேயே எழுதியிருந்தால் 42 குடும்பங்கள் காணாமற் போயிருக்கும். எங்கள் ஊரில் பெயர்ப் பட்டியலில் இருந்து விடுபடுவது என்றால் என்ன என்று இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் "உங்கட பேர் இல்லை" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் திரும்பி நடந்திருக்கிறோம்.

அதனால் சில பழக்கங்களைச் சொல்லி வைக்கிறேன். ஒரு படிக்கு நான்கு இடைவெளி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். டாப் விசையையும் இடைவெளி விசையையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள். கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும், பைதனுக்கு அவை வேறு வேறு. பைதனோடு கூட வரும் 'ஐடில்' என்ற எழுதுபலகையில் எழுதினால் டாப் விசையை அழுத்தினாலும் அது நான்கு இடைவெளியாகவே போடும், தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. உள்ளே தள்ளும் வரிக்கு முந்திய வரியின் முடிவில் முக்காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசியில் செய்தியாக வந்த நிரலைப் பிரதிபண்ணும்போது முன்னால் உள்ள இடைவெளிகள் குலைந்துபோவதுண்டு. நிரலைக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். எப்போதும் வாசித்த எண்ணிக்கையையும் எழுதிய எண்ணிக்கையையும் தனித்தனியாக எண்ணி, இரண்டும் ஒன்றா என்று நிரலையே பார்க்கச் செய்யுங்கள்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1972 முதல் எங்கள் நாட்டில் தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 ஜனவரி முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கத்தில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கிறது. நாளும் 500 உம் அப்படியே. ஆகவே பெண் சொன்ன பிறந்த திகதியையும் அட்டை இலக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். திகதியில் ஓர் எண் மாறி விழுந்திருந்தாலும் பிடிபடும்.

ஆனால் இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஆண்டை இரண்டு இலக்கமாகக் கொடுத்தால் பைதன் 69 முதல் 99 வரை உள்ளதை 1900 களிலும், 00 முதல் 68 வரை உள்ளதை 2000 களிலும் போடும். 1958 இல் பிறந்த ஆச்சி 2058 இல்தான் பிறக்கப்போகிறா என்று சொல்லும்! பழைய அட்டை இலக்கத்துக்கு முன்னால் 19 ஐ நாங்களே சேர்த்துவிட வேண்டும். ஒழுங்கைச் சொல்லும் இடத்திலும் சிறிய 'வை' இரண்டு இலக்க ஆண்டு, பெரிய 'வை' நான்கு இலக்க ஆண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மற்றது இன்னும் நுட்பமானது. அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாட்கள். பைதன் கணக்கில் நெட்டாண்டில் மட்டுமே 29. ஆகவே ஒருத்தியின் இலக்கம் 73 இல் தொடங்கி 653 என்று வந்தால், 500 ஐக் கழிக்க 153 ஆவது நாள். அட்டையின்படி அது 1973 ஜூன் 1. பைதனிடம் 1973 இன் 153 ஆவது நாள் எது என்று கேட்டால் ஜூன் 2 என்று சொல்லும். அந்த ஆண்டு டிசெம்பர் 31 இல் பிறந்தவளுக்கு இலக்கம் 866. ஜனவரி 1 இலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு போனால் பைதன் அவளை 1974 ஜனவரி 1 இல் கொண்டுபோய் நிறுத்தும். வருடமே மாறிவிடும். அறுபது வயது, எழுபது வயது என்று எல்லை போட்டுக் கொடுக்கப்படும் உதவிகளுக்கு இது சின்ன விடயமல்ல. செய்ய வேண்டியது இதுதான்: நாளை முதலில் 1972 அல்லது 2000 போன்ற ஒரு நெட்டாண்டில் வைத்து எண்ணுங்கள், வரும் மாதத்தையும் நாளையும் எடுத்து, அவள் பிறந்த ஆண்டோடு சேருங்கள். சேர்க்கும்போது நெட்டாண்டு அல்லாத ஆண்டில் பெப்ரவரி 29 வந்தால் பைதன் மறுக்கும். அப்போது இலக்கம் எங்கோ பிழையாக அடிக்கப்பட்டிருக்கிறது.

அந்த 500 ஐச் சரிபார்க்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. பெண் என்று பதிந்த சில பெயர்களுக்கு நேரே இருந்த இலக்கம் 500 க்குக் குறைவாக இருந்தது. அடித்த பிள்ளையின் கைப்பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். நெடுந்தீவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, இது உங்கட நம்பர் இல்லைப் போல கிடக்கு."

"அது அவற்றை நம்பர், பிள்ளை. எங்க கேட்டாலும் அதைத்தானே குடுக்கிறனான்."

அவர் போய் எவ்வளவோ காலம். குடும்பத் தலைவர் இலக்கம் என்று எல்லாப் படிவமும் கேட்டுக் கேட்டு, அவவுக்கு அந்த இலக்கம் மனப்பாடம். தன்னுடையது தெரியாது, அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் வாசித்தா. நான் அந்த வரியைத் திருத்தினேன். அவருடைய இலக்கத்தை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன், காணாமற்போனவரைப் பற்றிய பதிவுக்கு அதுவும் வேண்டுமே. அன்று முதல் எங்கள் நிரல் இப்படியான இடத்தில் 'பிழை' என்று காட்டுவதில்லை. 'திரும்பக் கேட்க' என்று காட்டும். திரைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில்தான் அந்தப் பெண் இருக்கிறாள். சிவப்பு எழுத்தில் தன் பெயருக்கு நேரே பிழை என்று அவள் வாசிக்க வேண்டாம்.

இனித்தான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். காணாமற்போன திகதி. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இறப்பைப் பதியும் வழி ஒன்று வந்தது. 2016 இல் அந்தச் சட்டம் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட பின், இறந்தார் என்று எழுதாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. எதை எடுப்பது, எதையும் எடுக்காமல் இருப்பதா என்பது அவரவர் தீர்மானம். அதில் நாங்கள் வாய் வைப்பதில்லை. ஆனால் எதற்குப் போனாலும் திகதி கேட்பார்கள். இங்கே நிரல் எழுதுபவர்கள் செய்யும் மிகப் பெரிய அநியாயம், அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது. வெற்றாக விட்டால் அடுத்த பக்கம் போக விடாது. படிவம் நிரப்புபவர் என்ன செய்வார்? நேரமில்லை, வெளியே வரிசை. 01/01 என்று அடித்துவிட்டுப் போவார். எங்களுக்கு ஓரிடத்திலிருந்து வந்த ஒரு பட்டியலில் அடுத்தடுத்து ஐந்து பேர் ஜனவரி 1 ஆம் திகதி காணாமற் போயிருந்தார்கள். பைதன் அந்த ஐந்தையும் சரியான திகதி என்றுதான் சொன்னது. ஆம், ஜனவரி 1 என்று ஒரு நாள் இருக்கிறது. ஆனால் நாலு வருடம் கழித்து அந்தப் பெண் வேறோர் அலுவலகத்தில் 'பங்குனி மாசம்' என்று சொல்லும்போது, "அங்க ஒண்டு சொல்லியிருக்கிறீங்கள், இங்க ஒண்டு சொல்லுறீங்கள். எது உண்மை?" என்று கேட்கப்படுவது அவள்தான். அடித்தவர் அல்ல.

அதனால் எங்கள் பதிவேட்டில் அந்தத் திகதியை ஒரு கட்டமாக வைக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எந்தக் கட்டமும் வெற்றாக இருக்கலாம். பைதனில் வெறுமைக்கு 'நன்' என்று ஒரு பெறுமதி உண்டு. அது பூச்சியமும் அல்ல, ஒன்றும் அல்ல. மூன்றும் நிரம்பியிருந்தால் மட்டும் அப்படி ஒரு நாள் உண்டா என்று நிரல் பார்க்கும். அதோடு வேறு இரண்டு திகதிகளைக் கேட்கிறோம்: அவரைக் கடைசியாகக் கண்ட நாள், அவர் இல்லை என்று தேடத் தொடங்கிய நாள். நடந்தது இவ்விரண்டுக்கும் இடையில். இதில் நிரல் பார்க்க வேண்டியது, முன்னது பின்னதற்குப் பிந்தாமல் இருக்கிறதா, இரண்டும் இன்றைய நாளைத் தாண்டாமலும் அவர் பிறந்த நாளுக்கு முந்தாமலும் இருக்கின்றனவா என்பது மட்டுமே.

நான்காவது கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறோம். அதை எந்த நிரலும் தொடாது. ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 'பங்குனி இருபது' என்று ஒருத்தி சொன்னால், எங்கள் பேச்சில் அது பெரும்பாலும் மார்ச் 20. ஆனால் பஞ்சாங்கம் பார்த்துத் திதி கொடுக்கும் மூத்த பெண் சொன்னால், பங்குனி பிறப்பது மார்ச் நடுப்பகுதியில்; இருபதாம் நாள் ஏப்ரல் 2 அளவில் வரும். 2009 இல் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு கிழமை எவ்வளவு பெரிது! இருந்த இடமே மாறியிருக்கும். அவள் சொன்ன சொல் கட்டத்தில் இருந்தால் பிறகு ஆறுதலாக இருந்து கேட்டுத் தெளியலாம். மார்ச் 20 என்று மட்டும் நாங்கள் மொழிபெயர்த்து வைத்தால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

புதிதாக நிரல் எழுதுபவர்கள் உண்மையான பெயர்களை ஏற்றுவதற்கு முன் பொய்ப் பெயர்களுடன் ஓட்டிப் பாருங்கள். 2000 பெப்ரவரி 29 ஐ ஏற்க வேண்டும். 1900 பெப்ரவரி 29, ஜூன் 31, நாளைய திகதி ஆகியவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆண்டு மட்டும் உள்ள பதிவைப் பேசாமல் ஏற்க வேண்டும். முன்னும் பின்னும் இடைவெளி விழுந்த திகதியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தின் கடைசியில் ஓர் இடைவெளி இருந்தாலே ஸ்ட்ர்-பி-டைம் மறுத்துவிடும், ஆகவே முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டும். நிரல் ஓடவில்லை என்று யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ உள்ளவர்களிடம் உதவி கேட்கும்போது நிரலை மட்டும் அனுப்புங்கள். பெண்களின் பட்டியலைச் சேர்த்து அனுப்ப வேண்டாம். அவர்கள் எங்களை நம்பிச் சொன்ன விபரம் அது.

கையால் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றிய பிறகு எறிந்துவிடவும் வேண்டாம். கடற்காற்றுக்குத் தாள் பழுதாகும் என்று சொல்வார்கள், உண்மைதான். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, படிவத்தின் மூலையில் கணினிப் பதிவு இலக்கத்தை எழுதிவிட்டால் வேண்டிய நேரம் எடுக்கலாம். நாள் என்ற கட்டத்தில் ஓர் எண்ணை எழுதி, வெட்டி, வேறொன்றை எழுதி, அதையும் வெட்டிவிட்டு விட்ட இடம் தாளில்தான் தெரியும்.